தவளை பேசக்கூடாது

ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. போன வெக்கறப்ப "வெச்சறட்டுங்களா"ன்னு கேட்டீங்க பாருங்க, அதுலயே நம்மூருப் பக்கம்னு தெரிஞ்சு போச்சு. நான் பெருமாநல்லூருங்க. பேரு ஈஸ்வரமூர்த்தி. இந்த நாட்டுக்கு வந்து எஸ்ஸன்ல குடியிருக்கறேன், ஏழு வருசமாச்சு. இந்தாங்க, ஒரு கச்சாயம் எடுத்துக்கங்க. ஊட்டுல சுட்டு ஊர்ல இருந்து வந்தது. கூச்சப்படாதீங்க, வண்டி இப்போதைக்கு எடுக்க மாட்டான். முன்னால தண்டவாளத்துல ஆரோ நடந்து போறாங்களாம், அவங்கள எறக்கி உட்டுட்டுத்தான் கெளம்புமாம். இங்க இது அடிக்கடி நடக்கறதுதான்.

நீங்களும் கொலோன்ல அந்த வீடியோ கேம் கண்காட்சிக்குத்தான் போயிட்டு வர்றீங்க, பையப் பாத்தாலே தெரியுது. நம்மாளுங்க அங்க எச்சா வர்றதில்லீங்க. ஏழாம் நம்பர் ஹாலுக்குப் போனீங்களா? போற வழியில ஒரு ஸ்டால் வாசல்ல மஞ்சத் தவளை ஒண்ணு நின்னுருக்கும். ஆள் ஒசரத்துக்கு மேல, தொப்பையோட, கையில வெளக்கோட. போட்டோ எடுத்தீங்களா? எடுத்தீங்களா! காட்டுங்க பாக்கலாம். ஆமா. அது நான்தானுங்க.

சிரிங்க, பரவால்ல. சிரிக்கறதுக்குத்தான அத நிறுத்தி வெச்சிருக்கறது. நாலு நாளு நின்னனுங்க. இன்னிக்கோட முடிஞ்சுது. எத்தனை பேரு கட்டிப் புடிச்சிருப்பாங்கன்னு கேட்டா எனக்கே தெரியாது. எனக்கு அதுல ஒண்ணும் தோணலீங்க. கல்லக் கட்டிப் புடிச்சாக் கல்லுக்கு என்ன தோணும்? அந்த மாதிரித்தான்.

அந்தத் தவளைய எனக்கு முன்னாடியே தெரியுமுங்க. நான் வேலை பாத்த கம்பெனியோட கேம்ல வர்ற தவளை அது. ஆறு வருசம் அதைச் சோதிக்கறதுதான் என்ற வேலை. வெளையாட்டு வெளிய வர்றதுக்கு முன்னால எங்க தப்பு இருக்குதுன்னு பாக்கோணுமல்ல? அதுக்கு ஆளு வெச்சிருப்பாங்க. தவளைய செவுத்துல முட்ட உடறது. கெணத்துல குதிக்க உடறது. ஒரே பாறை மேல காலைல இருந்து பொழுதோட வரைக்கும் ஏறி எறங்க உடறது. எங்கயாச்சும் செவுத்துக்குள்ள போயி மாட்டிக்குச்சுன்னா எழுதி அனுப்போணும். அத மத்தவங்க சரி பண்ணுவாங்க. நெம்பப் பேரு இதையெல்லாம் ஒரு வேலையான்னு கேப்பாங்க. ஒரு தப்பையும் நான் கோட்டை உட்டதில்லீங்க. எங்க மேனேஜரு தோமாஸே சொல்லுவாரு, ஈஷ் கண்ணுல இருந்து எதுவும் தப்பாதுன்னு. ஈஷ்னுதான் கூப்புடுவாங்க. ஈஸ்வரமூர்த்தி அவங்க வாயில நொழையாது.

பிப்ரவரி மாசம் ஒரு செவ்வாக்கெழமை, அந்தத் தோமாஸு வந்து காப்பி குடிக்கலாம் வான்னாரு. போனேன். காப்பிய முன்னால வெச்சுட்டு ஒரு காகிதத்த எடுத்தாரு. சோதிக்கற வேலைய இனிமே கம்ப்யூட்டரே பாத்துக்குமாம். பதினோரு பேர நிறுத்தறாங்க, அதுல நானும் ஒருத்தன். அதச் சொல்றப்ப அவரு கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. நான்தான் கடையில காகிதக் கைக்குட்டை வாங்கிட்டு வந்து குடுத்து, பரவால்ல உடுங்கன்னு சொல்லி, அவரத் தேத்தி அனுப்புனேன். பொறகு மிச்சக் காப்பிய குடிச்சனுங்க. ஆறிப் போயிருந்துச்சு. எனக்கு அப்பவும் ஒண்ணும் தோணலீங்க.

ஊட்டுல சொல்லிருக்கோணும். அது எனக்குத் தெரியுமுங்க. ஊட்டுக்காரி பேரு சுகந்தி. ரெண்டு வருசம் என்னோட இங்கதான் இருந்தா. பொறகு மாமனாருக்கு ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கிச்சு. பாத்துக்க ஆளில்லை, மாமியாரும் இல்லை. அவ போயித்தான் தீரோணும்னு ஆயிருச்சு. வேலை போன அன்னிக்கு அவளுக்குப் போன் பண்ணுனேன். எடுத்ததும் "அப்பாவ மறுபடியும் ஆஸ்பத்திரியில சேத்திருக்கறமுங்க"ன்னா. அந்த நேரத்துல போயி நான் எதச் சொல்றது? நாளைக்குச் சொல்லிக்கலாம்னு உட்டுட்டேன். நாளைக்கும் அதேதான். ஒரு வாரம் போனதுக்கு அப்புறம், ஏன் அன்னிக்கே சொல்லலைன்னு கேப்பாளேன்னு ஒரு சங்கடம். ஒரு மாசம் ஆனதுக்கப்புறம் சொல்றதே பெரிய தப்பு மாதிரி ஆயிப் போச்சு. அப்படியேதானுங்க போச்சு. நான் வேணும்னு பொய் சொன்னேன்னு நெனச்சுக்காதீங்க.

ஆபீசுல இருந்தப்ப தெனமும் மத்தியானம் ஒண்ணேகாலுக்கு வீடியோவுல கூப்புடுவேன். ஆபீசுக்குப் பின்னால ஒரு பார்க்கு இருக்குது, அங்க ஒரு பெஞ்சு. சோத்து டப்பாவ மடியில வெச்சுட்டு அவகூடப் பேசிட்டே திம்பேன். அங்க அப்ப நாலேமுக்கால், அவ டீ போடற நேரம். வேலை போனதுக்கப்புறமும் அந்தப் பெஞ்சுக்குப் போனனுங்க. அதே நேரம், அதே சட்டை, கழுத்துல அதே கார்டு. கார்ட அவங்க திருப்பிக் கேக்கலை, மறந்துட்டாங்க. கதவு தொறக்காது, ஆனாப் பாக்கறதுக்குக் கார்டுதான. "இன்னிக்கு ஆபீசுல என்னங்க?"ன்னு கேப்பா. தவளை கெணத்துல மாட்டிக்கிச்சு, பாலத்துக்கு அடியில காணாமப் போச்சுன்னு எதாச்சும் சொல்லுவேன். சிரிப்பா. பொய் சொன்னா நாக்குக் கொளறும்னு சொல்லுவாங்க. எனக்கு அப்படியெல்லாம் கொளறலீங்க. நல்லாத்தான் வந்துச்சு.

வேற வேலைக்கு எழுதிப் போடாம இல்லீங்க. எழுதிப் போட்டுட்டேதான் இருந்தேன். நன்றி, வேற ஆளப் பாத்துட்டோம்னு மரியாதையாத்தான் பதில் வரும். வெளிநாட்டாரு ஆபீசுல இத்தனை மாசத்துக்குள்ள வேலை தேடிக்கோ, இல்லாட்டி ஊருக்குக் கெளம்போணும்னு ஒரு காகிதம் குடுத்திருக்காங்க. அது அடுத்த மாசம் முப்பதாந் தேதி முடியுது. அதப் பத்தி நான் ரோசனை பண்றதில்லீங்க. பண்ணி என்ன ஆகப்போகுது?

அப்பத்தான் ஒரு ஏஜென்சியில இந்த வேசம் கட்டற வேலைக்கு ஆளு கேட்டாங்க. போனேன். அளவெடுத்தாங்க. அங்க கரடி இருந்துச்சு, ரோபோ இருந்துச்சு, ஏதோ ஒரு ராணி இருந்துச்சு. என்ற ஒசரத்துக்குத் தவளைதான் பொருந்துச்சு. நானாக் கேட்டு வாங்குனது இல்லீங்க. மொத நாளு தலையத் தூக்கி மாட்டறப்ப, அட, நீதானான்னு தோணுச்சு. அவ்வளவுதான். ஸ்டாலுக்குப் போனாத் தோமாஸு நிக்கறாரு. நேரா வந்து என்ற தோள்ல கையப் போட்டு, பல்லக் காட்டி போட்டோ எடுத்துட்டுப் போனாரு. உள்ள ஆருன்னு தெரியாதுல்லீங்க.

அந்த வேலைக்கு நெறையச் சட்டம் இருக்குதுங்க. தவளை பேசக்கூடாது. என்ன ஆனாலும் பேசக்கூடாது, இருமக்கூடக் கூடாது. சனம் பாக்கற எடத்துல தலையக் கழட்டக்கூடாது. ஒக்காரக்கூடாது. ஆராச்சும் பேசுனா வெளக்கத் தூக்கிக் காட்டோணும், பொறகு வயித்தத் தட்டோணும். அவ்வளவுதான் தவளைக்குத் தெரிஞ்ச பாஷை. இருபத்தஞ்சு நிமிசம் உள்ள, பொறகு வெளிய வந்து தண்ணி குடிக்கலாம். வாய்க்கு உள்ளாற கறுப்பு வலை தெச்சிருப்பாங்க, அது வழியாத்தான் பாக்கோணும். பக்கவாட்டுல ஒண்ணுமே தெரியாது. அதனால கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக ஒரு புள்ளையப் போட்டிருந்தாங்க, பேரு லேனா. பச்சைச் சட்டை போட்டிருக்கும். முடியலைன்னா அது கைய ரெண்டு தடவை அமுக்கோணும், ஒடனே கூட்டிட்டுப் போயிரும். நாலு நாள்ல நான் ஒருக்காக்கூட அமுக்குனதில்லீங்க.

இதுல என்ற மச்சினன் வந்து சேந்தான் பாருங்க. சுகந்தியோட தம்பி, சம்பத்து. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கறான். துணி வாங்கறவங்களப் பாக்கறதுக்கு மூணு நாளு டூசல்டார்ஃப் வந்திருந்தான். வந்து எறங்குன ஒடனே போன். "மச்சான், நல்லாருக்கீங்களா? அக்கா ஒரு பை குடுத்து உட்டிருக்கு. சனிக்கெழமை ஃப்ரீதானுங்க, உங்க கம்பெனி ஸ்டாலுக்கே வந்து குடுத்துட்டுப் போறேன்." வேண்டாம் மாப்ளே, டிக்கட்டெல்லாம் தீந்திருக்கும்னேன். "அதெல்லாம் இங்க பார்ட்டிகிட்டச் சொல்லி வாங்கிட்டனுங்க மச்சான்"ங்கறான். நான் நாளெல்லாம் உள்ள மீட்டிங்ல இருப்பேன், வெளிய வரவே முடியாதுன்னேன். பரவால்லீங்க, பைய எங்க குடுக்கறதுன்னு சொல்லுங்கன்னான்.

நான் ஒரு வழி பண்ணுனேன். "எங்க ஸ்டால் வாசல்ல ஒரு தவளை நிக்கும் மாப்ளே. அது கையப் புடிச்சுட்டுப் பச்சைச் சட்டையில ஒரு புள்ள நிக்கும். அதுகிட்டக் குடுத்துரு. எனக்கு வந்துரும்"னு சொன்னேன். சரிங்க மச்சான்னுட்டான். லேனாகிட்டயும் சொல்லி வெச்சேன். இதுல ஒரு தப்பும் இல்லைன்னு ரெண்டு தடவை நெனச்சுப் பாத்துக்கிட்டேன். அவன் வருவான், பைய நீட்டுவான், போயிருவான். நான் அவனப் பாத்துக்கலாம். அவன் என்னப் பாக்க முடியாது. ஒறம்பரையா, சொந்தக்காரன்னு தேடி வந்த ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்க முடியலையேன்னுதான் ஒரு மாதிரி இருந்துச்சு.

சனிக்கெழமை கூட்டம் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். பன்னெண்டு மணி இருக்கும். தூரத்துல வர்றப்பவே தெரிஞ்சுது. இஸ்திரி போட்ட சட்டை, நெத்தியில துன்னூறு, கையில மஞ்சப்பை. அந்த ஹால்ல மஞ்சப்பை வெச்சிருந்தது அவன் ஒருத்தன்தான். நல்லா வளந்துட்டானேன்னு பாத்துட்டு நின்னேன். பையன் நேரா லேனாகிட்டப் போவான்னு பாத்தா, போகலீங்க. நேரா ஸ்டால் கவுண்டருக்குப் போயிட்டான். என்ற கைக்கெட்டற தூரந்தான் கவுண்டரு. அங்க தோமாஸு.

"ஈஸ்வரமூர்த்தின்னு ஒருத்தரு, உங்க கம்பெனியிலதான் இருக்கறாரு"ன்னு இங்கிலீசுல கேக்கறான். தோமாஸு மொகம் மாறிப் போச்சு. "ஈஷா? அவரு பிப்ரவரியிலயே போயிட்டாரே. நெம்ப நல்ல மனுசன். நீங்க அவருக்கு என்ன வேணும்?"ங்கறாரு.

எனக்கு என்ன ஆகும்னு நெனைக்கறீங்க? காலு மரத்துப் போயிருந்துச்சு, அவ்வளவுதான் தெரிஞ்சுது. போச்சு, இப்பக் கத்துவான், இப்பப் போனப் போடுவான், மாமனாருக்குத் தெரிஞ்சுரும், ஊருக்கே தெரிஞ்சுரும்னு நெனச்சுட்டு நிக்கறேன். சம்பத்து தலைய ஆட்டுனான். "தெரியுமுங்க சார். சும்மாதான் கேட்டேன்"னான்.

தெரியுமாம்.

பொறகு கயித்துக்கு இந்தப் பக்கம் வந்து, எனக்குப் பக்கத்துலயே நின்னுட்டுப் போன எடுத்தான். தவளைக்குன்னு கயிறு கட்டியிருந்தாங்கல்ல, அங்கதான் நெரிசல் இல்லை. வீடியோ கால். சத்தத்துல கேக்காதுன்னு ஸ்பீக்கர முழுசா வெச்சான். "அக்கா, இங்க கேட்டேன். நீ சொன்னதுதான். பிப்ரவரியிலயே நிறுத்திட்டாங்களாம்."

"உன்ன ஆருடா கேக்கச் சொன்னது?" சுகந்திதானுங்க. சத்தம் போடறா. அவ சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. "பைய மட்டும் குடுத்துட்டு வான்னனா இல்லையா? அவங்க அவருகிட்டப் போயிச் சொல்லிட்டா என்ன பண்ணுவே? நமக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியவே கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"இல்லக்கா, நீ தப்பாப் புரிஞ்சுட்டிருந்தீன்னா? ஒரு தடவை கேட்டுப் பாத்துறலாம்னுதான்."

"என்னடா தப்பா? மே மாசம் ஒரு வியாழக்கெழமை கூப்புட்டாரு. கழுத்துல கார்டு, மடியில டப்பா. ஆபீசுல நெம்ப வேலைங்கறாரு. அவருக்குப் பின்னால ஆம்பளைங்க கூட்டமாக் கைவண்டியில பீரு வெச்சு இழுத்துட்டுப் போறாங்க, பாட்டுப் பாடிட்டு. ரெண்டு வருசம் அங்க இருந்தவடா நான். அது அங்க ஏசு மேல வானத்துக்குப் போன நாளு. ஊரே லீவு. கடை இருக்காது, பால்கூட முந்தின நாளே வாங்கி வெச்சுக்கோணும். அன்னிக்கு எந்த ஆபீசு தொறந்திருக்கும்?"

உங்களுக்குத் தெரியும்தானுங்க, அந்த நாளு? ஆம்பளைங்க வண்டி இழுத்துட்டுப் போவாங்களே? நானும் பாத்தேன் அன்னிக்கு. என்னமோ விசேசம் போலன்னு நெனச்சுட்டுச் சோத்தத் தின்னுட்டிருந்தேன். வேலைக்குப் போறவனுக்குத்தானுங்க லீவு நாளு ஞாபகம் இருக்கும். தவளை உள்ள நின்னுட்டு மொதல்ல எனக்கு வந்தது கோவம்தான். அவ மேல இல்லீங்க. ஆறு வருசம் தப்புக் கண்டுபுடிச்சே சோறு தின்னவன், ஒரு லீவு நாளப் போயிக் கோட்டை உட்டுட்டனேன்னு.

பொறகுதான் கணக்குப் போட்டேன். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்டு. தெனமும் ஒண்ணேகாலுக்குப் போன எடுத்திருக்கா. தெனமும் "இன்னிக்கு ஆபீசுல என்னங்க?"ன்னு கேட்டிருக்கா. தவளை கெணத்துல மாட்டிக்கிச்சுன்னா சிரிச்சிருக்கா. பெஞ்சுல ஒக்காந்துட்டு நான் நல்லா நடிக்கறேன்னு நெனச்சுட்டிருந்தேன். என்னவிட அவ நல்லா நடிச்சிருக்காளுங்க. அது எனக்கு நெம்ப வெக்கமாப் போச்சு. அதை உங்ககிட்ட மறைக்க வேண்டியதில்லை.

கேளுங்க, அதோட முடியலை. சம்பத்து போனத் திருப்பி, "இங்க பாருக்கா, மச்சான் கம்பெனித் தவளை"ன்னு என்ற மூஞ்சிக்கு நேராப் புடிச்சான். வலைக்கு அந்தப் பக்கம் சுகந்தி. சமையக்கட்டுல நிக்கறா. அடுப்புல பால் வெச்சிருக்கா போல, ஒரு கையில கரண்டி. எனக்கு அப்பக் காலு தாங்க முடியாத மரப்பு. எடது காலத் தூக்கி வலது கெண்டைக்கால்ல தேச்சுட்டு நின்னேன். எனக்கு எப்பவும் அந்தப் பழக்கம் உண்டு, லேனாகூடத் தவளை அப்படியெல்லாம் நிக்காதுன்னு ரெண்டு நாளாத் திட்டுச்சு. சுகந்தி தவளையப் பாத்துட்டே இருந்தா. கரண்டி அப்படியே நின்னுருச்சு. நெட்டு கட்டாயிருச்சு போலன்னு சம்பத்து போன ஆட்டுனான்.

"சம்பத்து, பைய அந்தப் புள்ளகிட்டக் குடுக்காத. தவளைகிட்டயே குடு"ன்னா.

"என்னக்கா வெளையாடறே?"

"குடுடா."

அவன் பைய என்ற கையில மாட்டி உட்டான். கை மூணு வெரல்தான் அதுல, நழுவப் பாத்துச்சு, நெஞ்சோட அணைச்சுப் புடிச்சேன். சுகந்தி இன்னும் கொஞ்சம் போனுக்குக் கிட்ட வந்தா. "ஏனுங்க, அவரப் பாத்தீங்கன்னா வேளாவேளைக்குச் சாப்புடச் சொல்லுங்க. ஒடம்பு நெம்ப எளைச்சுப் போச்சுங்க"ன்னா.

தவளைக்கு எதுக்குங்க மரியாதை? ஆனா அவ அப்படித்தான், சின்னக் கொழந்தையக்கூட வாங்க போங்கன்னுதான் பேசுவா. நெம்பப் பணிவான புள்ள. நான் வெளக்கத் தூக்கிக் காட்டுனேன். பொறகு வயித்தத் தட்டுனேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அப்ப மட்டும் அந்தத் தலையப் புடுங்கித் தூரப் போட்டுட்டு, சுகந்தின்னு ஒரு தடவை கூப்புட்டா என்னன்னு இருந்துச்சுங்க. ஒரே ஒரு தடவைதான். லேனா நேரமாச்சுன்னு கையப் புடிச்சு இழுக்குது, நான் நகரலை. அதுக்குள்ள சம்பத்து "வெச்சறட்டுமாக்கா"ன்னு போன வெச்சுட்டான். அந்த நெனப்பும் போயிருச்சு. உள்ள போயித் தண்ணி குடிச்சேன்.

பையத் தொறந்தாக் கச்சாயம், பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, நாலு பாக்கெட் ரவை. எப்ப ஆரு வந்தாலும் ரெண்டு டப்பா மைசூர்பாவு குடுத்து உடுவா, ஆபீசுல இருக்கறவங்களுக்குக் குடுக்கச் சொல்லி. தோமாஸுக்கு அது உசுரு. இந்தத் தடவை ஒரு துண்டுகூட வெக்கலை. ஒண்டியாளு பொங்கித் திங்கறதுக்கு என்னென்ன வேணுமோ அது மட்டும் இருந்துச்சு. பொழுதோட சம்பத்து கூப்புட்டுப் "பை கெடைச்சுதுங்களா மச்சான்?"னு கேட்டான். "வந்துருச்சு மாப்ளே, மீட்டிங் முடியறதுக்கு நேரமாயிருச்சு, உன்னப் பாக்க முடியாமப் போச்சே"ன்னேன். "அதனால என்னங்க மச்சான், உங்க வேலை அப்படி"ன்னான். ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசிக்கிட்டோம்.

இன்னிக்குக் காலைல நானாத்தான் கூப்புட்டேன். ஞாயித்துக்கெழமையும் கண்காட்சி வேலை இருக்குதுன்னு சொல்லியிருந்தேன், அதனால சந்தேகம் வராது. எடுத்ததும் "காலு வலிக்குதுங்களா?"ன்னா. எனக்கு எதுக்குக் காலு வலிக்குது, நான் ஏசியில ஒக்காந்துட்டு மீட்டிங் பாக்கறேன்னேன். "ஆமாங்க, சும்மா கேட்டேன்"னா. ஸ்டால் போட்டா நின்னுட்டே இருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டா போல. பொறகு, "ஏனுங்க, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு அம்மிணி."

"அந்த வேலைய உட்டுட்டு ஊருக்கு வந்துருங்க."

நான் போன இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்துனனுங்க.

"அப்பாவத் தூக்கி ஒக்கார வெக்க என்னால ஒண்டியா முடியலீங்க. சம்பத்து மாசத்துல பாதி நாளு ஊர்ல இருக்கறதில்லை. உங்களுக்கு எவ்வளவு பெரிய எடம்னு எனக்குத் தெரியும். அவங்க உங்கள உடவும் மாட்டாங்க. நான் என்ற சொயநலத்துக்குத்தானுங்க கேக்கறேன். எனக்காக அவங்ககிட்டக் கெஞ்சிக் கேட்டுப் பாருங்க. ஊர்ல ஆரு கேட்டாலும், என்ற பொண்டாட்டி அழுது கூப்புட்டா, அதனாலதான் உட்டுட்டு வந்தேன்னு சொல்லிக்கங்க. நானும் அதையேதான் சொல்லுவேன்."

சொல்றப்ப நெசமாவே அழுதாளுங்க. மாமனாரு ஜூன் மாசமே எந்திரிச்சு, குச்சிய ஊனிட்டுப் பால் சொசைட்டி வரைக்கும் ஒண்டியாப் போயிட்டு வந்தாருன்னு அவளேதான் எங்கிட்டச் சொன்னா. அத மறந்துட்டா போல. நானும் ஞாபகப்படுத்தலை.

"திடுதிப்புன்னு சொன்னா எப்படி அம்மிணி? ஆபீசுல கேக்கோணும். அவங்க ஒத்துக்கோணும்"னேன். "கேளுங்க, அவசரமில்லைங்க, பதனமாக் கேளுங்க"ன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டா. நெம்ப நிம்மதியாயிருச்சு அவளுக்கு. மொகத்தப் பாத்தாத் தெரிஞ்சுது.

இப்ப எனக்கு ஒரே ரோசனை அதுதானுங்க. நீங்க கம்பெனியில இருக்கறவங்க மாதிரி தெரியுது, அதனாலதான் கேக்கறேன். இங்க வேலைய உடறதுன்னா மூணு மாச நோட்டீசு குடுக்கோணுமல்லீங்க? அது அவளுக்கும் தெரியும். மூணு மாசம்னு சொல்லலாம்னு பாத்தா, அந்த வெளிநாட்டாரு ஆபீசுக் காகிதம் அடுத்த மாசக் கடைசியிலயே முடிஞ்சுருது. அதுக்குள்ள கெளம்பியாகோணும். ஒரு மாசத்துலயே உட்டுட்டாங்கன்னு சொன்னா நம்பற மாதிரி இருக்குமுங்களா?

எதுக்கு இதெல்லாம், அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமேன்னு பாக்கறீங்க. தெரியுமுங்க. ஆனா அவளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரியாதுல்லீங்க. அவ்வளவு பாடுபட்டு, பெத்த அப்பனையே மறுபடியும் படுக்கையில போட்டு, எனக்கு ஒரு வழி பண்ணிக் குடுத்திருக்கா. நான் நாளைக்கே பொட்டியத் தூக்கிட்டுப் போயி நின்னா அவ சொன்ன அத்தனையும் வீணாப் போயிருமுங்க.

வண்டி எடுத்துட்டான். அடுத்தது உங்க எடமா? அப்பச் சீக்கிரம் சொல்லுங்க. ஒரு மாசம்னு சொன்னா, இத்தனை வருசம் இருந்த மனுசன அவ்வளவு சுளுவா உட்டுட்டாங்களான்னு அவ மனசு கஷ்டப்படும். தோமாஸு ஒத்துக்கவே மாட்டேன்னாரு, கால்ல உழுகாத கொறையாக் கேட்டு வாங்குனேன்னு சொல்லி, அஞ்சு வாரம்னு வெச்சுக்கட்டுங்களா?